தள்ளினால் வெளியே வரும்

மின்தூக்கி ஆய்வாளர் ஒருவர் மின்தூக்கிக்குள்ளேயே மாட்டிக்கொள்வது துறைக்குப் புதிதல்ல. மாட்டிக்கொண்டவர் அன்றைக்கே வெளியே வந்துவிட்டார் என்பதுதான் புதிது. அதனால் ஒரு குழு போட வேண்டிவந்தது.

அந்த ஆய்வாளர் சாதுவான மனிதர். பழைய கட்டிடங்களின் லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி, கம்பிவடம் நைந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. அவர் மனைவி திரைச்சீலை தைக்கும் கடை ஒன்றில் தையல்காரி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். போனில் பேச வழியில்லை. அதனால் இருவருக்கும் நடுவில் எல்லாம் குறுஞ்செய்திதான், சண்டை உட்பட.

போனைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். கடை கடையாக ஏறி இறங்கினாள். எந்தக் கடையிலும் வெறும் கண்ணாடிப் பலகை போன்களையே எடுத்து நீட்டினார்கள். ஒரு கடையில் அவள் கணவனின் பையிலிருந்து வேலைக் கையுறையை எடுத்து, அவர் கையில் மாட்டி, அந்தக் கையைப் பிடித்துக் கண்ணாடிமேல் அழுத்தினாள். போன் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. "பாத்தீங்களா?" என்று தனக்கே உரிய தட்டையான குரலில் கடைக்காரரிடம் கேட்டாள். "இவரு இருட்டுல, கையுறையோட, தடவிப் பாத்து அடிக்கணும்."

கடைக்காரர் உள்ளே போய், தூசி தட்டி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். மேலே தொடுதிரை. பக்கவாட்டில் தள்ளினால் அடியிலிருந்து ஒரு விசைப்பலகை 'டிக்' என்று வெளியே வரும். பயறு பயறாக எழும்பி நிற்கும் விசைகள். இனிமேல் இந்த வகை வராது என்று அவர் சொன்னதும், அவள் ஆளுக்கொன்று வாங்கிவிட்டாள்.

குழிக்குள் இறங்குமுன் ஆய்வாளர் அவளுக்கு 'உள்ளே' என்று அனுப்புவார். ஏறி வந்ததும் 'வெளியே' என்று அனுப்புவார். அலுவலகத்தில் அவருக்கு 'உள்ளே வெளியே' என்றே பெயர் விழுந்துவிட்டது. சீட்டில் உள்ளே வெளியே ஆடும் சூதாட்டக்காரன் பெயர் மாதிரி இருக்கிறதே என்று அவருக்குச் சற்று வருத்தம்தான்.

அன்றைக்கு ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில், இரண்டு மாடிகளுக்கு நடுவே கூண்டு நின்றுவிட்டது. விளக்கும் போயிற்று. துறை கொடுத்திருந்த பேச்சுக் கருவியில் இரைச்சல் மட்டும் கேட்டது. கத்திப் பார்த்தார். மூன்று பக்கமும் கான்கிரீட். தன் போனை எடுத்துத் தள்ளினார். கட்டைவிரலால் தடவித் தடவி, 'மாட்டிக்கிட்டேன் ஆபீஸ்ல சொல்லு' என்று அடித்தார்.

அவள் தையலை அப்படியே போட்டுவிட்டு அவருடைய அலுவலகத்துக்கு ஓடினாள். வரவேற்பில் இருந்தவர் பொறுமையாக, அவளுக்குப் புரியும்படி வாயை அகலத் திறந்து சொன்னார்: "புகாரைப் பாதிக்கப்பட்டவரே நேர்ல வந்து கொடுக்கணும்மா." அவள் அடுத்த தெருவிலிருந்த தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஆள் வெளியே வந்தார்.

பத்திரிகையில் செய்தி வந்தது. 'துறையால் முடியாததைத் தையல்காரி முடித்தார்' என்று தலைப்பு. மறுநாளே துறை, 'விசைப்பலகை தள்ளி வெளிவரும் தொடுதிரைச் செய்திக் கைபேசித் தேர்வுக் குழு' என்று ஒன்றை அமைத்தது. எல்லா ஆய்வாளர்களுக்கும் அப்படியொரு போன் வாங்கித் தருவது அதன் நோக்கம். தலைமைப் பொறியாளர் தலைவர். கொள்முதல் அதிகாரியும் சட்ட ஆலோசகரும் உறுப்பினர்கள். பயனர் பிரதிநிதியாக நம் ஆய்வாளர்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். கூட்ட அறை கடைசி மாடியில் இருந்தது. ஜன்னல்களுக்குக் கம்பி. விலை விவரங்கள் வெளியே கசியக்கூடாது என்பதற்காக, கூட்டம் நடக்கும்போது கதவை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைப் பியூன் வைத்துக்கொள்வார்.

"உங்க போனை மாதிரிக்காக மேஜைல வைங்க" என்றார் கொள்முதல் அதிகாரி.

வைத்தார். அதன்மேல் ஒரு கண்ணாடி மூடியைக் கவிழ்த்தார்கள். பேக்கரியில் கேக்கை மூடுவார்களே, அந்த மாதிரி.

"சாயங்காலம் எடுத்துக்கலாமா சார்?"

"அது இப்ப மாதிரி" என்றார் சட்ட ஆலோசகர். "மாதிரியை எடுத்துட்டா எதை வச்சுத் தேர்ந்தெடுக்கிறது? தேர்வு முடிஞ்சதும் தானா உங்ககிட்ட வந்துரும்."

முதல் நாள் முழுவதும், மேஜைமேல் இருப்பது ஒரு பொருளா இரண்டு பொருளா என்ற விவாதத்திலேயே போயிற்று.

"தள்ளினா வெளியே வருது. தள்ளாதப்ப உள்ளே இருக்கு" என்றார் சட்ட ஆலோசகர். அவர் எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்வார், எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் இருப்பது வசதி என்பது போல. "உள்ளே இருக்கிறப்ப அது விசைப்பலகையா? கண்ணுக்குத் தெரியாத ஒண்ணுக்கு நாம எப்படிப் பணம் கொடுக்கிறது? நாளைக்குத் தணிக்கைல கேட்டா நான் தள்ளித் தள்ளியா காட்ட முடியும்?"

"தள்ளிக் காட்டலாமே சார்" என்றார் ஆய்வாளர்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். பயனர் பிரதிநிதி உணர்ச்சிவசப்பட்டார் என்று குறிப்பில் ஏறியது.

இரண்டாம் நாள் கண்ணாடி மூடிக்குள் போன் அதிர்ந்து, தேனீ மாட்டிக்கொண்ட மாதிரிச் சத்தம் போட்டது. மனைவியின் செய்தி. ஆய்வாளர் எழுந்து கையை நீட்டினார்.

"உட்காருங்க" என்றார் தலைவர். "மாதிரிக்கு வர்ற செய்தி குழுவுக்கு வர்ற செய்தி."

மூடியைத் தூக்கிப் படித்தார்கள். 'சாவி வச்சிட்டுப் போனீங்களா இல்லையா? நான் வெளியே நிக்கிறேன்' என்று இருந்தது. சாவி ஆய்வாளரின் சட்டைப்பையில் இருந்தது. குழு மாலைவரை உட்கார்ந்து பதில் தயாரித்தது. பதில் இது: 'தங்கள் செய்தி பெறப்பட்டது. தாங்கள் வெளியே நிற்பது குழுவின் கவனத்தில் உள்ளது.'

அன்று வீட்டுக்குப் போனபோது அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"போனைக் கேட்டு வாங்குங்க" என்றாள்.

"முறைப்படிதான் கேக்கணும்."

"முறைப்படியா குடுத்தீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

அதன்பிறகு அவள் நேரடியாகக் குழுவுக்கே எழுத ஆரம்பித்தாள். முதலில் மரியாதையாக: 'ஐயா, என் வீட்டுக்காரரின் போனைக் கொடுத்துவிடுங்கள்.' பிறகு மரியாதை குறைந்துகொண்டே வந்தது. வரும் செய்தியை எல்லாம் தலைவர் வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, கனத்த குரலில் படிப்பார்:

"'அடுத்தவன் பொருளைப் பிடுங்கி வச்சுக்கிட்டு, உக்காந்து தின்னு கொழுக்கிறீங்களே எருமைமாடுங்களா, உங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாதா?' கேள்விக்குறி. கையெழுத்து இல்லை." மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். "எழுத்துப்பிழை ஏதாவது?"

"இல்லை சார்" என்றார் கொள்முதல் அதிகாரி.

"விசைப்பலகை நல்லா வேலை செய்யுதுன்னு குறிச்சுக்குங்க."

சோதனைகள் தொடங்கின. வியாபாரிகள் கொண்டுவந்த கண்ணாடிப் பலகை போன்களையும் மாதிரியையும் ஒப்பிட வேண்டும். கையுறைச் சோதனைக்குக் கையுறை வேண்டும், கையுறை வாங்குவதற்குத் தனிக் குழு வேண்டும் என்பதால் தலைவர் தன் கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு தட்டிப் பார்த்தார். இருட்டுச் சோதனைக்காக விளக்கை அணைத்துத் திரைகளை இழுத்து மூடினார்கள். சற்று நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து சீரான குறட்டைச் சத்தம் வந்தது. ஆய்வாளர் விளக்கைப் போட எழுந்தபோது, சோதனை நடந்துகொண்டிருப்பதாகச் சட்ட ஆலோசகர் தாழ்ந்த குரலில் எச்சரித்தார். இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் குழியில்கூட அவருக்கு அப்படி மூச்சு முட்டியதில்லை.

கொள்முதல் அதிகாரிக்குக் கண்ணாடிப் பலகைதான் பிடித்திருந்தது. "என் பொண்ணு இதுதான் வச்சிருக்கா. எவ்வளவு வழவழன்னு இருக்கு பாருங்க! கைல வச்சுக்கிட்டு நடந்தாலே ஒரு மதிப்பு."

"குழிக்குள்ள யாரு சார் பாக்கப்போறா?" என்றார் ஆய்வாளர்.

"அதான் உங்க பிரச்சினை. நீங்க எப்பவும் மாட்டிக்கிறதைப் பத்தியே யோசிக்கிறீங்க."

குழுவில் இருக்கும்வரை களப்பணிக்குப் போகக் கூடாது, நடுநிலை கெட்டுவிடும் என்று அவருக்கு ஆணை வந்திருந்தது. அவருடைய கட்டிடங்களும் சேர்ந்து அவர் நண்பரும் சக ஆய்வாளருமான மீசையின் தலையில் விழுந்தன. மீசை பெரிய உருவம். குழிக்குள் இறங்கினால் அடைத்துக்கொண்டு நிற்பார். குழு தேர்ந்தெடுக்கும்வரை காத்திருக்க முடியாது என்று, தன் மகள் வைத்திருந்த கண்ணாடிப் பலகை போனை அவர் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். "எப்பப்பா வரும் உங்க போன்?" என்று வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "ஒவ்வொரு தடவையும் குலசாமியைக் கும்பிட்டுட்டுத்தான் இறங்குறேன்டா."

ஆய்வாளர் கடைசியில் துணிந்து குழுவிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார். சட்ட ஆலோசகர் அதை ஆர்வமாகப் படித்தார்.

"தாராளமா விலகலாம். ஆனா விலகலைக் குழு ஏத்துக்கணும். குழுவோட முடிவு செல்லணும்னா நாலு பேரும் இருக்கணும். நீங்க வந்து உக்காந்தாத்தான் உங்க விலகல் செல்லும்."

"வந்து உக்காந்துருக்கேனே சார்."

"ஆமா. ஆனா ஏத்துக்கிட்ட நிமிஷமே நாங்க மூணு பேர் ஆயிடறோம். மூணு பேர் எடுத்த முடிவு செல்லாது. அதனால நீங்க விலகலை." மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரொம்ப அழகான விஷயம் இது. சட்டக் கல்லூரில பாடமா வைக்கலாம்."

தலைவர் ஆய்வாளர்மேல் இரக்கப்பட்டார். தேநீர்க் கோப்பையைத் தானே அவர் பக்கம் நகர்த்திவைத்து, அப்பா மகனிடம் பேசுவதுபோல் பேசினார்.

"தம்பி, உங்க அவசரம் எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. இந்த போன் வந்தா செய்தி வேகமாப் போகும். செய்தி வேகமாப் போனா, 'என்ன செய்யலாம்?'னு எங்கிட்ட வேகமாக் கேள்வி வரும். கேள்வி வந்தா நான் முடிவெடுக்கணும். நான் சர்வீஸ்ல சேர்ந்ததிலேருந்து ஒரு முடிவு எடுத்ததில்லை. அதனாலதான் எம்மேல இதுவரைக்கும் ஒரு புகார்கூட இல்லை. லிஃப்ட்ல மாட்டினவன் இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வெளியே வந்துருவான். தப்பான முடிவுல மாட்டினவன் வெளியே வரவே முடியாது."

சொல்லிவிட்டு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்த மனிதர் மனதார அப்படித்தான் நம்பினார் என்பது ஆய்வாளருக்கு அப்போது புரிந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அன்று பிற்பகல், கூட்டம் நடக்கும்போதே மூடிக்குள் போன் அதிர்ந்தது. தலைவர் எழுந்து நின்று படித்தார்:

"'மாஆஆ ட்ட்கிகி ஙஙங ப்ப.' முற்றுப்புள்ளி இல்லை."

"சங்கேத மொழியா இருக்குமோ?" என்றார் சட்ட ஆலோசகர். கொள்முதல் அதிகாரி அது ஏதோ வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர், விலைப்புள்ளி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

ஆய்வாளர் எண்ணைப் பார்த்தார். மீசையின் மகளுடைய எண்.

"சார், இது மீசை! மாட்டிக்கிட்டான் சார். கையுறையைக் கழட்டிட்டு, கிரீஸ் விரலோட கண்ணாடில அடிச்சிருக்கான், அதான் இப்படி வந்திருக்கு. இன்னைக்கு அவன் மார்க்கெட் பக்கத்து அடுக்குமாடில இருக்கான். அந்தக் கம்பிவடம் நைஞ்சு கிடக்குன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். கதவைத் திறக்கச் சொல்லுங்க!"

"கவனிச்சீங்களா?" கொள்முதல் அதிகாரியின் முகம் மலர்ந்தது. "குழிக்குள்ளேருந்து கண்ணாடிப் பலகைல செய்தி வந்திருக்கு! அப்ப வேலை செய்யுது!"

"பொருள் நிரல்ல இது இல்லையே" என்றார் தலைவர். "நாம இப்ப போனோட நிறத்தைப் பத்திப் பேசிட்டிருக்கோம். அதை முடிச்சுட்டு..."

ஆய்வாளர் கதவுக்கு ஓடினார். இழுத்தார், குத்தினார். பியூன் சாவியோடு எங்கோ போயிருந்தார். ஜன்னலில் கம்பி. கீழே தெருவில் ஆட்கள் எறும்பாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கத்தினார், ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பி வந்தார். தன் வாழ்நாளில் எதையும் அனுமதி கேட்காமல் தொட்டிராத அந்த மனிதர் கண்ணாடி மூடியைத் தூக்கித் தரையில் போட்டார். அது சுக்குநூறானது. போனை எடுத்தார். தள்ளினார். 'டிக்.'

"அது மாதிரி!" என்று அலறினார் சட்ட ஆலோசகர்.

விசைகள் விரலுக்குத் தெரிந்தவை. பார்க்காமலே அடித்தார்: 'மீசை மாட்டிக்கிட்டான். மார்க்கெட் பக்கத்து அடுக்குமாடி. கம்பிவடம் மோசம். தீயணைப்புக்கு ஓடு. நானும் பூட்டுக்குள்ள.'

உடனே பதில் வந்தது: 'போறேன்.'

அதன்பிறகு செய்ய ஒன்றுமில்லை. போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஜையில் கூட்டம் தொடர்ந்தது. மாதிரியிலிருந்து அனுமதியின்றி அனுப்பப்பட்ட செய்திக்கான கட்டணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பேசினார்கள். உடைந்த மூடிக்குப் பதில் வாங்கலாமா என்று பேசினார்கள். நிறம் கறுப்பு என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து இருந்தது. அவர் காதில் எதுவும் ஏறவில்லை. நைந்த வடத்தின் இழைகள் ஒவ்வொன்றாகத் தெறிப்பதுதான் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் போன் அதிர்ந்தது. 'எடுத்துட்டாங்க. கூண்டு ஒரு மாடி கீழ இறங்கி இடிச்சிருக்கு. கை உடைஞ்சு போச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல. உங்களைக் கேட்டாரு. அழாதீங்க.'

அழுதுகொண்டிருக்கிறோம் என்பதே அவருக்கு அதைப் படித்தபிறகுதான் தெரிந்தது.

"என்ன செய்தி?" என்றார் தலைவர். ஆய்வாளர் போனை நீட்டினார். தலைவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, 'அழாதீங்க' வரை முழுவதும் படித்தார். பிறகு மற்ற இருவரின் கையையும் குலுக்கினார்.

"குழுவோட முதல் வெற்றி" என்றார்.

அந்த வாரமே குழுவின் பணி முடிந்ததாக அறிவித்தார்கள். விழா நடந்தது. விசைப்பலகை போனே சிறந்தது என்று குழு பரிந்துரைத்தது; எங்கோ ஒரு கிடங்கில் மிச்சமிருந்தவற்றைத் தேடிப்பிடித்து வாங்கினார்கள். எண்ணிக்கை போதாததால், பொறுப்பு மிகுந்த பதவியில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை என்று முடிவாயிற்று. தலைமைப் பொறியாளர், கொள்முதல் அதிகாரி, சட்ட ஆலோசகர், அவர்களுடைய மேலதிகாரிகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. உயிர்காத்த முதல் கைபேசி என்ற முறையில் ஆய்வாளரின் போனைத் துறையின் முகப்புக் கூடத்தில் புதிய கண்ணாடி மூடிக்குள் வைத்து, கீழே பித்தளைத் தகடு பதித்தார்கள். மூடியை உடைத்ததற்காக அவருக்கு ஒரு குறிப்பாணை. உயிர் காத்ததற்காக ஒரு பாராட்டுப் பத்திரம். இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

களத்தில் இறங்கும் ஆய்வாளர்களின் பாதுகாப்பையும் துறை மறக்கவில்லை. எல்லோருக்கும் ஆளுக்கொரு விசில், கழுத்தில் மாட்டும் கயிற்றோடு. கட்டுப்போட்ட கையோடு மீசையும் மேடையேறி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

ஆய்வாளர் வீட்டுக்கு வந்தபோது அவள் தைத்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, போன் எங்கே என்பதுபோல் அவர் கையைப் பார்த்தாள். அவர் சட்டைக்குள்ளிருந்து விசிலை வெளியே எடுத்தார். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதான் கொடுத்தாங்களா?"

தலையாட்டினார்.

"ஊதுங்க பாப்போம்."

அவர் வாயில் வைத்து ஊதினார். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அவள் அவருடைய உப்பிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் வருதா?"

"வருது."

அவள் விசிலை அவர் கையிலேயே வைத்து, விரல்களை மடித்து மூடினாள்.

"குழிக்குள்ளேருந்து ஊதினா, யாருக்குங்க கேக்கும்?"

அவர் உதட்டைப் பார்த்தபடி அவள் காத்திருந்தாள்.